கூரையும் கடதாசியும்: கண்டிப் பகுதியில் வீடின்மையின் வரலாறு – ஒரு நோக்கு

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. மனிதர் தங்கி வாழும் இல்லமும் வீடு. தளைகளினின்றும் விடுபட்ட நிலையும் வீடு. விடு என்னும் வினையடியிற் பிறந்த இச்சொல், உறைவிடத்தையும் விடுதலையையும் ஒருங்கே கண்ட ஒரு சமூகத்தின் எண்ணத்தைப் புலப்படுத்துகின்றது எனலாம். ஆயின், தென்னிந்தியக் கிராமத்தவர் கண்டிச் சீமை என அழைத்த மலைநாட்டிலே இவ்விரு பொருளும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பிரிந்தே நின்றன. அங்கு உழைத்தவர்க்கு உறைவிடம் இருந்தது; அவ்வுறைவிடத்தின் மீது உரிமை இருக்கவில்லை.

வீடின்மை என்றதும் நகரத்துக் கடை விறாந்தையிற் சாக்கை விரித்து உறங்குபவரே நினைவுக்கு வருவர். கண்டி நகரின் வரலாற்றில் அத்தகையோர் பலர் இருந்துள்ளனர். அவர்கள் எங்கிருந்து அவ்விறாந்தைக்கு வந்து சேர்ந்தனர் என்பதும், வந்த பின்னர் அரசின் உதவியைக் கோரியபோது யாது நிகழ்ந்தது என்பதும் விளக்கப்படாதவரை வீடின்மையின் இயல்பை அறிந்துகொள்ள இயலாது. இவ்விரு வினாக்களையும் இணைக்கும் பொருள் ஒன்று உண்டு. அதுவே கடதாசி. கூரையைப் பெறுவதற்குக் கடதாசி வேண்டும். கடதாசியைப் பெறுவதற்குக் கூரை வேண்டும். சான்று காட்டும் கடமை வறியவர் மேலும், சான்றை வைத்திருக்கும் அதிகாரம் பிறர் கையிலும் இருந்தமையே இவ்வரலாற்றில் திரும்பத் திரும்பக் காணப்படும் உண்மையாகும்.

காணியும் சான்றும்

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1820களிலே கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்ஹாப்பிட்டியாவில் ஜோர்ஜ் பேட் என்பவரும், பேராதனைக்கு எதிரே மகாவலிக்கு அப்பாலுள்ள கன்னொறுவையில் ஆள்பதி எட்வேட் பார்ன்சும் கோப்பிப் பயிரைத் தொடக்கினர். அடுத்த இருபது ஆண்டுகளுள் கோப்பி மலைச்சரிவுகளெங்கும் பரந்தது. அதற்கு வேண்டிய காணியைப் பெறுவதற்குச் சட்டமொன்று தேவைப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் அத்துமீறல் தடைச் சட்டம் அத்தேவையை நிறைவேற்றியது. பயிரிடப்படாத நிலமும் காடும், மாறாகச் சான்று காட்டப்பட்டாலன்றி, முடிக்குரியனவாகக் கொள்ளப்பட்டன. மன்னர் வழங்கிய சன்னசோ, வரி செலுத்தியமைக்கான ஆதாரமோ காட்ட இயலாத கண்டிக் குடியானவரின் சேனை நிலங்கள் இவ்வாறு கைம்மாறின. எனவே, எழுத்துச் சான்று இன்மையால் நிலமிழந்த முதற்பெரும் மக்கட் பிரிவினர் கண்டிச் சிங்களக் குடியானவர் என்பது மறக்கத்தக்கதன்று. 1949இல் நியமிக்கப்பட்டு 1951இல் அறிக்கை சமர்ப்பித்த கண்டியக் குடியானவர் ஆணைக்குழு ஆராய்ந்த நிலமின்மையின் வேர்களுள் ஒன்று இங்கேயே உள்ளது.

காணிச் சட்டத்தை அடுத்து, 1841இல் 4ஆம் இலக்க நாடோடிகள் சட்டம் இயற்றப்பட்டது. உரிமையாளரின் அனுமதியின்றி விறாந்தையிலோ கொட்டிலிலோ வண்டியிலோ தங்கி, தன் பிழைப்புவழி இன்னதெனக் காட்ட இயலாதிருப்பவரும், உடல்வலு இருந்தும் பிச்சையெடுப்பவரும் இச்சட்டத்தின்படி தண்டனைக்குரியராயினர். இரு சட்டங்களும் வெவ்வேறு நோக்கங்களுக்காக எழுந்தவை எனினும், அவற்றிடையே ஓர் ஒற்றுமை உண்டு. முன்னையது நிலத்துக்குச் சான்று கேட்டது. பின்னையது மனிதன் தன் இருப்புக்கே சான்று கூறுமாறு கேட்டது. வறியோருக்கு உதவும் பொறுப்பைச் சட்டத்தின் மூலம் ஏற்பதற்கு அரசு மேலும் 98 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

லயமும் துண்டும்

கோப்பித் தோட்டங்களில் உழைப்பதற்குத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மாத்தளையை அடைந்து, அங்கிருந்து தோட்டங்களுக்குச் சென்றனர். வழியில் மாண்டோர் பலர். தோட்டத்தை அடைந்தவர்க்கு வழங்கப்பட்ட இருப்பிடமே லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த, பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அளவினதான காம்பிராக்களைக் கொண்டது அது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய தேயிலைக்கு நிரந்தரமான தொழிலாளர் தேவைப்பட்டனர். பருவகாலத்தில் வந்து திரும்பியவர் குடும்பத்தோடு தங்கலாயினர். பயிர் மாறியது, குடி நிலைத்தது, லயத்தின் தன்மை மட்டும் மாறவில்லை.

லயம் தொழிலோடு பிணைக்கப்பட்டதோர் இருப்பிடம். செக்றோலில் பெயர் உள்ளவரை காம்பிரா உண்டு. பெயர் வெட்டப்பட்டால் காம்பிராவும் இல்லை. தொழிலை இழத்தலும் வீட்டை இழத்தலும் ஒரே நாளில், ஒரே கட்டளையால் நிகழக்கூடியனவாய் இருந்தன. இதனோடு துண்டுமுறையும் சேர்ந்துகொண்டது. தொழிலாளி பட்ட கடனின் தொகையைக் குறித்து, அது தீர்க்கப்படின் அவரை விடுவிப்பதாகத் தோட்ட நிர்வாகம் எழுதிக்கொடுக்கும் சிறு கடதாசியே துண்டு. அதுவின்றிப் பிறதோட்டத்தில் வேலை பெறுதல் அரிது. 1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், வேலைநீக்கத்தை அறிவிக்கும் பத்துச்சீட்டு தோட்டங்களில் நிலைத்தது. மலையகத்தில் பத்துச்சீட்டு என்னும் சொல் இன்றும் தொழிலிழப்பையும் வீடிழப்பையும் சேர்த்தே உணர்த்துவது குறிப்பிடத்தக்கது.

தொழிலாளருக்காகக் குரல் கொடுத்தோர் முதலில் எதிர்கொண்ட தடையும் இருப்பிடம் பற்றியதே. தோட்டம் முழுவதும் தனியார் நிலம். ஆதலின், உள்ளே சென்று தொழிலாளரைச் சந்திப்பதே அத்துமீறலாகக் கொள்ளப்பட்டது. கோ. நடேசய்யர் 1920களில் துணி விற்பவர் போலத் தோட்டங்களுட் புகுந்து நிலைமையை அறிந்தார் என்பது மலையக வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. 1931இல் அவர் அட்டனில் தொழிற்சங்கத்தை நிறுவிய பின்னரும், சங்கத் தலைவராக முன்வரும் தொழிலாளிக்குப் பத்துச்சீட்டே பரிசாகக் கிடைத்தது. 1940 சனவரி 10ஆம் நாள், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தோர் மீது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். வேலைநிறுத்தம் செய்பவர் தம் ஊதியத்தோடு குடும்பத்தின் கூரையையும் பணயம் வைத்தே போராடினர் என்பதை மனத்திற் கொண்டால்தான் அக்காலப் போராட்டங்களின் கனதி விளங்கும்.

இப்பிரச்சினை 1946இல் நேரடியாகவே வெடித்தது. கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு கிராம விரிவாக்கத்துக்காகச் சுவீகரித்து, அங்கு வாழ்ந்த தொழிலாளரை வெளியேறப் பணித்தது. அவர்கள் மறுத்தனர். குற்றமான அத்துமீறல் எனக் கூறி வழக்குத் தொடரப்பட்டது. தலைமுறையாக வாழ்ந்த காம்பிராவிலே இருந்தமையே குற்றமாயிற்று. இதனை எதிர்த்துத் தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையினர் வேலைநிறுத்தம் செய்தனர். தோட்டக் குடியிருப்பை விட்டு நீங்க மறுத்தமை பற்றிய வழக்கொன்று இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. தனக்கு உரிமை உண்டு என நேர்மையாக நம்பி ஓரிடத்தில் இருப்பவரின் செயல், மற்றவர்க்குத் தொல்லை தரும் என்ற காரணத்தால் மட்டும் குற்றமாகிவிடாது என 1950இல் அம்மன்றம் கூறியது. சட்டத்தின் வாயிலாக மலையகத்தவர் பெற்ற அரிய ஆறுதல்களுள் அது ஒன்று. ஆனால், குற்றமன்று எனக் கூறுவது வேறு. உரிமை எனக் கூறுவது வேறு.

பிச்சைச் சம்பளம்

வறியோர் நிவாரணம் பற்றிய சட்டம் 1939இல் 30ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. கொழும்பு, கண்டி, காலி ஆகிய மூன்று மாநகரங்களில் அது நடைமுறைக்கு வந்தது. எனவே, வறியவருக்கு உதவுதல் சபையின் கடமை எனச் சட்டம் ஏற்றுக்கொண்ட முதல் நகரங்களுள் கண்டியும் ஒன்றாகும். பின்னர் பேராதனைப் பல்கலைக்கழகத்தை உருவாக்கிய ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் அமைந்த சமூக சேவைகள் ஆணைக்குழு 1947இல் அறிக்கை வெளியிட்டது. அதனை அடுத்து 1948இல் சமூக சேவைத் திணைக்களம் தோன்றியது. பொது உதவிப்பணம் நாடளாவிய ஏற்பாடாக வளர்ந்தது.

இவ்வுதவிப்பணத்துக்கு மக்கள் இட்ட பெயர்கள் கருதத்தக்கன. சிங்களத்தில் அது பின்படி, அதாவது புண்ணியச் சம்பளம். ஈழத்துத் தமிழில் பிச்சைச் சம்பளம். கொடுப்பவரின் அறத்தை ஒரு பெயரும், பெறுபவரின் தாழ்வை மற்றைய பெயரும் சுட்டுகின்றன. பெறுபவரின் உரிமையை எப்பெயரும் சுட்டவில்லை. சட்டம் கடமை என்று கூறியதை வழக்கு தருமம் என்றே விளங்கிக்கொண்டது. விண்ணப்பதாரர் அலுவலகத்தின் முன் கைகட்டி நின்றமைக்கு இந்நோக்கும் ஒரு காரணமாகும்.

விண்ணப்பிக்கும் முறையும் எளியதன்று. கிராமத் தலைமைக்காரரிடமும், 1963இன் பின்னர் கிராம சேவகரிடமும் அத்தாட்சி பெறவேண்டும். அவர் விண்ணப்பதாரரை அறிந்தவராக இருத்தல் வேண்டும். தோட்டமோ கிராம நிர்வாகத்தின் எல்லைக்குள் இருந்தும் அதனைச் சாராத தனித்தீவு. தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டு நகருக்கு வந்தவரைத் தோட்டத்துரை தம்மவரல்லர் என்பார். கிராம சேவகர் தம் பிரிவினரல்லர் என்பார். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிய பின்னர் படிவமும் கடிதமும் பெரும்பாலும் விண்ணப்பதாரர் அறியாத மொழியிலேயே அமைந்தன. படிவத்தை நிரப்புவதற்கு ஒருவர், அதனை வாசித்துச் சொல்வதற்கு ஒருவர், கந்தோருக்கு அழைத்துச் செல்வதற்கு ஒருவர் என இடையில் நிற்போர் பெருகினர். உதவி பெறாத நாள்களிலும் இவர்களுக்குக் கொடுக்கவேண்டியிருந்தது.

இவ்வழக்கின் மூலம் இங்கிலாந்தில் உள்ளது. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலக் குடியிருப்புச் சட்டம், வறியவர் ஒருவர் தமக்குரிய பங்கிலிருந்து மட்டுமே நிவாரணம் பெறலாம் என வரையறுத்தது. பிறவூரிற் காணப்பட்டால் அவரைத் திருப்பி அனுப்பலாம். வறுமையை ஆராயுமுன் ஊரை ஆராயும் இந்நெறி, ஊரேயற்ற மக்களிடம் வந்தபோது மேலும் கொடியதாயிற்று. கண்டி நகருக்குள்ளேயே மஹியாவையில் வாழ்ந்த நகரசுத்தித் தொழிலாளரின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. நகரைத் தூய்மையாக்கிய இந்திய வம்சாவளியினரான இவர்கள், நகரின் மையத்துக்கு அண்மையில் நெருக்கமான லயங்களில் தலைமுறைகளைக் கழித்தனர். அவர்களது உழைப்பு நகருக்கு உரியதாயிற்று. அவர்கள் வாழ்ந்த நிலமோ அவர்களுக்கு உரியதாகவில்லை.

1949: மாபெரும் விண்ணப்பம்

மலையகத் தமிழரின் வரலாற்றில் விண்ணப்பம் என்னும் சொல் பெற்ற முழுக்கனதி 1949இலேயே தெரியவந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம் அவர்கள் விண்ணப்பித்துப் பிரசைகளாகலாம் எனக் கூறியது. 1949 ஓகஸ்ட் 5 முதல் 1951 ஓகஸ்ட் 5 வரை இரண்டாண்டுகள் அதற்கென வழங்கப்பட்டன. விவாகமானவர் ஏழாண்டும் விவாகமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்தமையை நிரூபித்தல் வேண்டும். நியாயமான வருமானமோ தக்க தொழிலோ இருத்தல் வேண்டும். சத்தியக்கடதாசியும் இணைத்தல் வேண்டும்.

சட்டத்தை எழுதியவர்க்கு இவை சிறு நிபந்தனைகளாகத் தோன்றியிருக்கலாம். லயத்தில் வாழ்ந்தவர்க்கு ஒவ்வொன்றும் ஒரு மலையாயிற்று. இடையறாத வாழ்வுக்குச் சான்று செக்றோல். அது தோட்டக் கந்தோரில் இருந்தது. பத்துச்சீட்டுப் பெற்றுத் தோட்டம் மாறியவருக்குப் பழைய தோட்டம் சான்று வழங்குவது துரையின் மனத்தைப் பொறுத்தது. பிறப்புப் பதிவில் தந்தை பெயர் ஒருவிதமாகவும் செக்றோலில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் கணக்கப்பிள்ளை, விடை கூறவேண்டியவர் தொழிலாளி. இறந்த தாய்க்குக் கடன் கழிக்கச் சில மாதம் இந்தியா சென்றிருந்தால் அதுவும் இடையறவாகக் கருதப்படலாம். விசாரணைக் கடிதம் தோட்டக் கந்தோருக்கே வரும். அது உரியவர் கையில் உரிய காலத்திற் சேர்ந்ததா என்பதற்கு உறுதியில்லை. குறித்த காலத்துள் மறுமொழி இல்லையெனின் விண்ணப்பம் தள்ளுபடியாகும். மேன்முறையீடு உயர்நீதிமன்றத்தில் செய்யலாம் எனச் சட்டம் கூறியது. நாட்கூலி பெறுபவர்க்கு அது பெயரளவிலான வாய்ப்பே.

சட்டத்தை முதலில் புறக்கணித்த இலங்கை இந்திய காங்கிரஸ், பின்னர் விண்ணப்பிக்குமாறு மக்களை ஊக்கியது. இறுதி மாதங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. மொத்தம் சுமார் 237,000 விண்ணப்பங்கள் வழியாக ஏறத்தாழ 825,000 பேர் பிரசாவுரிமை கோரினர். விசாரணைகள் ஒரு தசாப்தத்துக்கு மேலாக நீண்டன. இறுதியில் உரிமை பெற்றவர் சுமார் 134,000 பேர். ஆறில் ஐந்து பங்கினர் வெறுங்கையோடு திரும்பினர். அவர்களது வாழ்வுக்குச் சான்று இருந்தது. ஆனால் அது அவர்கள் கையில் இருக்கவில்லை.

பிரசாவுரிமை இன்மை வாக்குரிமையை மட்டும் பறிக்கவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் முடிக்குரிய காணியைப் பெறும் வாய்ப்பு ஏற்கெனவே இலங்கையர் என வரையறுக்கப்பட்டோருக்கே உரியதாயிருந்தது. இப்போது அவ்வாயில் முற்றாகவே அடைபட்டது. காணி இல்லாதவர்க்கு வீடு இல்லை. பிரசையல்லாதவர்க்குக் காணி இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலொன்றுக்கு ‘வீடற்றவன்’ எனப் பெயரிட்டமை இப்பின்னணியிலேயே நோக்கத்தக்கது.

கண்டி வீதிகளில்

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 நாடற்றோரைத் தொகையாக எடுத்துப் பங்கிட்டது. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதெனவும், எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு செய்வதெனவும் உடன்பாடாயிற்று. 1974இல் அவ்வெச்சமும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. மீண்டும் விண்ணப்பம், மீண்டும் படிவம். கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் மலைநாடெங்கணுமிருந்து வந்த தொழிலாளரின் நிலையமாயிற்று. இந்தியா செல்வோரை ஏற்றித் தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதத்தை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றனர். அக்கரையில் மண்டபம் முகாமில் அவர்களை எதிர்நோக்கியதும் குடும்ப அட்டை என்னும் இன்னொரு கடதாசியே. புனர்வாழ்வு உதவியைப் பெற அது இன்றியமையாததாயிற்று.

இக்காலத்திலேயே கண்டி நகர் வீதிகளில் வீடின்மை வெளிப்படையாயிற்று. 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. நிலப்பிரபுத்துவத்தை ஒழிக்கும் முற்போக்கான சட்டமாகப் போற்றப்பட்ட இது, கண்டி மாவட்டத்து மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் வேறு விளைவையும் தந்தது. சுவீகரிப்பை எதிர்பார்த்த உரிமையாளர் தோட்டங்களைப் பராமரியாது விட்டனர். சில தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கிராமத்தவருக்கு வழங்கப்பட்டன. தலைமுறையாக அங்கு உழைத்த தொழிலாளர் நாடற்றோராதலின் பங்கீட்டில் இடம்பெறவில்லை. நிலமற்ற கிராமத்தவரும் நிலமற்ற தொழிலாளரும் ஒரே துண்டு நிலத்துக்காக எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். 1840இல் சான்றின்மையால் நிலமிழந்தவரின் பேரர், சான்றின்மையால் வீடிழந்தவரின் இடத்தைப் பெற்றமை வரலாற்றின் கொடிய முரணாகும்.

1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு இதனோடு சேர்ந்தது. பங்கீட்டு உணவு குறைக்கப்பட்டது; மாவின் விலை ஏறியது. கிழங்கு நடுவதற்கும் சொந்த நிலமற்ற தோட்ட மக்களிடையே இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. வேலையும் லயமும் இழந்தோர் கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி ஆகிய நகர்களின் வீதிகளில் பிச்சையெடுத்தனர். கடை விறாந்தைகளில் உறங்கினர். நாட்டின் அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்தவர்கள் 1841ஆம் ஆண்டுச் சட்டத்தின் மொழியில் நாடோடிகளாயினர். 1974இல் பிரித்தானிய அமைப்பான வார் ஒன் வோன்ட் வெளியிட்ட ஆய்வும், கிரனடாத் தொலைக்காட்சி தயாரித்த படமும் இந்நிலையைத் தேயிலை அருந்தும் நாட்டினருக்கு உணர்த்தின. 1977 மே மாதம் தோட்டக் காணி சுவீகரிப்பை எதிர்த்து டெவன் தோட்டத்தில் திரண்ட தொழிலாளர் மீது பொலிசார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். அதே ஆண்டு ஓகஸ்டிலும் 1983 யூலையிலும் நிகழ்ந்த இனவன்செயல்கள் எஞ்சிய கூரைகளையும் எரித்தன. பலர் வவுனியாவையும் கிளிநொச்சியையும் நோக்கிச் சென்றனர்.

குரல் கொடுத்தோர்

கண்டி இத்துன்பத்தின் களமாக மட்டும் இருக்கவில்லை. அதற்கெதிரான முயற்சிகளின் களமாகவும் இருந்தது. இயேசு சபைத் துறவியான போல் கஸ்பர்ஸ் அடிகள் 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்னும் நிலையத்தைத் தொடக்கினார். சிங்களவரும் தமிழரும் ஒருங்கிருந்து பணியாற்றிய நிலையம் அது. 1970களின் நடுப்பகுதியில் தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகமும் கண்டியில் உருவாயிற்று. தோட்ட மக்களின் நிலையை ஆவணப்படுத்தி நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் எடுத்துக்கூறுதலை இவ்வமைப்புகள் தம் பணியாகக் கொண்டன.

நிவாரணம் வழங்குதலிலும் பார்க்க, ஆவணப்படுத்துதலின் சிறப்பு ஈண்டு விதந்து கூறத்தக்கது. செக்றோல் துரையிடமும் கோப்பு அரசிடமும் இருந்த சமூகத்திலே, மக்கள் தம் அனுபவத்தைத் தாமே பதிவுசெய்தல் தம்மைப் பற்றிய சான்றைத் தம் கையில் எடுத்தலாகும். கம்பளைக்கு அண்மையில் நியூ பீகொக் தோட்டத்தின் பழைய லயத்திலே பிற்காலத்தில் அமைக்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் இம்மரபின் தொடர்ச்சியே.

இருந்தும் இல்லாத கடதாசி

1979 செப்டெம்பரில் பங்கீட்டு முறைக்குப் பதிலாக உணவு முத்திரைத் திட்டம் வந்தபோது நிலைமை புதியதொரு வடிவம் பெற்றது. ஐவர் வரையுள்ள குடும்பத்தின் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைவாயின் முத்திரை கிடைக்கும். பிறர் தம் வருமானத்தைத் தாமே கூறினர். அதனைச் சரிபார்த்தல் எளிதன்று. தோட்டத் தொழிலாளரின் வருமானமோ செக்றோலில் சதம் தவறாது பதிவாகியிருந்தது. குடும்பத்தினர் பலர் உழைத்தமையால் கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டியது. எனவே அவர்களுட் பெரும்பாலோர் விலக்கப்பட்டனர். பிரசாவுரிமை கோரியபோது உதவாத செக்றோல், உதவி கோரியபோது எதிர்ச்சாட்சியாக வந்து நின்றது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுதற்குத் தடையாக நின்றது. அது 2018இலேயே திருத்தப்பட்டது. 1995இல் தொடங்கிய சமுர்த்தித் திட்டத்திலும் தோட்டப்பகுதிகளின் பங்கு சிறிதாகவே இருந்தது. 2023இல் அஸ்வெசும நலத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது நாடெங்கணுமிருந்து இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் எழுந்தன. படிவத்தின் வினாக்கள் வறியவரின் வாழ்வோடு பொருந்தாமை மலையகத்துக்கு மட்டும் உரிய துன்பமன்று என்பதை இது காட்டுகின்றது.

இவ்வரலாற்றில் மாறான ஒரு நிகழ்வும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கியது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தோரும் சமாதான நீதவான் முன் அளிக்கும் பிரகடனத்தால் உரிமை பெறலாம் என்றாயிற்று. ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஸ்தானிகராலயத்தின் துணையோடு நடந்த இயக்கத்தில் பத்து நாள்களுள் சுமார் 190,000 பேர் பிரசாவுரிமை பெற்றனர். 1951இன் பின் ஒரு தசாப்தத்துக்கு மேலாக ஆராய்ந்து 134,000 பேருக்கு வழங்கப்பட்டதை இதனோடு ஒப்பிடுதல் வேண்டும். இரு காலத்திலும் மக்கள் ஒரே மக்கள்.  முக்கியமாக மாறியது ஒன்று: விண்ணப்பதாரரின் சொல்லை நம்புவதென அரசு துணிந்தது. ஐம்பதாண்டு காலத் தாமதத்துக்குச் சான்றுகளின் குறைபாடு காரணமன்று என்பதற்கு அப்பத்து நாள்களே சான்றாகும்.

முடிவுரை

காணியிழந்த கண்டிக் குடியானவர், துண்டுக்காகக் காத்திருந்த கோப்பித் தொழிலாளர், பத்துச்சீட்டுப் பெற்ற சங்கத் தலைவர், 1949இன் விண்ணப்பதாரர், 1974இல் கண்டிக் கடை விறாந்தையில் உறங்கியவர் ஆகிய அனைவரையும் ஒரு நூல் இணைக்கின்றது. அவர்கள் ஒவ்வொருவரிடமும் அதிகாரம் சான்று கேட்டது. அச்சான்றை அவர்கள் கையில் இருக்கவிடாததும் அதே அதிகாரமே. பிரசாவுரிமை இன்று கிடைத்துவிட்டது. ஆனால், வாழும் வீட்டுக்கும் அதனடி நிலத்துக்கும் உறுதி பெறாத குடும்பங்கள் லயங்களில் இன்றும் உள்ளன. 7 பேர்ச் காணி பற்றிய வாக்குறுதிகளும் இந்திய உதவியுடனான வீடமைப்புத் திட்டங்களும் தோட்டத்துக்குத் தோட்டம் வெவ்வேறு கதியிற் செல்கின்றன.

வீடு கட்டிக்கொடுத்தல் நற்செயலே. உறுதியற்ற வீடு புதிய சுவரும் புதிய கூரையும் கொண்ட இன்னொரு லயமாக மாறிவிடக்கூடும். கல்லும் ஓடும் வழங்கப்படும்போது, அவற்றுக்குரிய உறுதியும் வாழ்பவரின் பெயரில், வாழ்பவரின் மொழியில், வாழ்பவரின் கையிலேயே வழங்கப்படுதல் வேண்டும். அன்றுதான் கண்டிச் சீமையிலே வீடு என்னும் சொல் தன் இரு பொருளையும் மீளப் பெறும்.